மூன்று மாத ஊசியும் ஏழாம் திருவிழாவும்

1

இந்த வருடம் பங்குனி தொடங்கியபோது எனக்குக் கேக் வெட்டினார்கள். பிறந்தநாளுக்கு இல்லை. நோர்வேயின் மேற்குக் கரையில், மழை விட்டால்தான் செய்தி என்கிற இந்த நகரத்தில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை. நிர்வாகப் பிரிவின் கணினி நினைவு வைத்திருந்தது. கேக்கில் சின்னக் கொடி ஒன்று குத்தியிருந்தது. நன்றிக் கடிதமும் தந்தார்கள். அதில் என் பெயரில் இரண்டு எழுத்துக் குறைந்திருந்தது. இருபது வருடத்தில் இரண்டு எழுத்துத்தான் தேய்ந்திருக்கிறேன், பரவாயில்லை என்று பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நோர்வீஜிய மொழியில் நான் விடுகிற பகிடிகளுக்கு எப்போதும் இதே கதிதான்.

இங்கே என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சாவகச்சேரிக்குக் கிழக்கே எங்கள் ஊர்ச் சனம் என்னை டொக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெள்ளைக் கோட்டோடு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அம்மா அதை வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. அம்மாவின் மரண அறிவித்தலில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சாகி வந்தது. அதைத் திருத்தினால் செத்த மனுசியைப் பொய்க்காரி ஆக்கியதாகிவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கேட்க நன்றாக இருந்தது.

நான் செய்கிற வேலை இதுதான். எலிகளின் உறுப்பை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தட்டில் ஏற்றி, சாயம் போட்டு ஆராய்ச்சியாளர்களிடம் கொடுப்பேன். உறுப்புகள் வருடத்துக்கு வருடம் மாறும். கடைசி ஏழெட்டு வருடமாக ஒரே உறுப்புத்தான். புரொஸ்ரேட் சுரப்பி. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருப்பது. வயது போனவர்களை அடிக்கடி எழும்பி நடக்க வைப்பது.

2

இனி எலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த பிழை விளங்காது. இதில் எதுவும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான்.

இந்தச் சுரப்பி ஆண் ஹோர்மோனை நம்பி உயிர் வாழ்கிறது. ஆண் எலிக்கு விதை எடுத்துவிட்டால் ஹோர்மோன் வரத்து நின்றுவிடும். ஒரு நாளுக்குள் சுரப்பிக்குப் போகும் இரத்தம் குறையத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் சுரப்பியின் கலங்கள், அதாவது உயிரணுக்கள், தாமாகவே சாகத் தொடங்கும். ஒரு கிழமை, இரண்டு கிழமையில் சுரப்பி சூம்பி, எடையில் பெரும்பகுதியை இழந்துவிடும். நல்ல சுரப்பியைத் தட்டில் பார்த்தால் வட்ட வட்டமாக அறைகள் தெரியும். அறைச் சுவரில் உயரமான கலங்கள் நெருக்கமாக நிற்கும், உள்ளே இளஞ்சிவப்பாகச் சுரப்பு நிறைந்திருக்கும். ஹோர்மோன் போன பிறகு பார்த்தால் அதே கலங்கள் குட்டையாகித் தட்டையாகியிருக்கும். அறைகள் சுருங்கி வெறுமையாகக் கிடக்கும். அறைகளுக்கு இடையில் இருக்கிற நாரும் தசையும்தான் தடித்துத் தெரியும். சனம் எழும்பிப் போன வீட்டில் சுவர் மட்டும் நிற்பது போல.

ஆனால் எல்லாக் கலங்களும் சாவதில்லை. அடித்தளத்தில் ஒரு வரிசை, சின்னக் கலங்கள், ஹோர்மோன் இல்லாமலும் தாக்குப்பிடிக்கும். விதை எடுத்த எலிக்குத் திரும்பவும் ஹோர்மோன் ஏற்றினால், மிஞ்சியவற்றிலிருந்து சுரப்பி வளர்ந்து, இரண்டு கிழமையளவில் ஏறக்குறைய பழையபடி வந்துவிடும். மூன்றாவது தொகுதித் தட்டுகள் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். எனக்கு அவற்றில் தனிப் பிரியம். சாயம் பிடித்து அந்த அறைகள் மறுபடி நிறைந்து தெரியும்போது, நானே வளர்த்துவிட்டது போல ஒரு பெருமை வரும்.

ஒவ்வொரு எலிக்கும் படிவம் உண்டு. ஏன் இந்த எலி தேவை, இதைவிடக் குறைவான எலியோடு செய்ய ஏலாதா, அதற்கு எவ்வளவு துன்பம் வரும், சிறிதா, நடுத்தரமா, கடுமையா? நாங்கள் 'நடுத்தரம்' என்று போடுவோம். எலியை ஒருவரும் கேட்பதில்லை.

3

என் அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. கண்டி வீதியில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நான் படித்து முடிக்க முன்னமே அப்பா செத்துப்போனபடியால், அவர் பஸ் ஓட்டித்தான் நான் படித்தேன். அவருக்கு ஒரே மகள், கலியாணம் கட்டிப் பாரிஸில் இருக்கிறாள். ஊரில் அவரும் அண்ணியும்தான்.

போன வருடம் சித்திரையில் அவருக்கு மூத்திரம் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனார், இரத்தம் சோதித்தார்கள், சதைத் துண்டு வெட்டிப் பார்த்தார்கள். புரொஸ்ரேட்டில் புற்றுநோய். இடுப்பு எலும்பிலும் ஒரு இடத்தில் பிடித்திருந்தது. ஹோர்மோனை நிறுத்தவேண்டும் என்றார்கள். ஒன்றில் விதையை எடுக்கிற சத்திரசிகிச்சை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும் தினம் விழுங்கக் குளிசையும். அண்ணை ஊசிதான் என்று சொல்லிவிட்டார். வைகாசியில் முதலாவது, ஆவணியில் இரண்டாவது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஐப்பசியில். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தியை உடனே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். "அவன் அங்கை தனியக் கிடந்து யோசிப்பான்" என்பார்கள். சாவீட்டுக்குக்கூட எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு சேதி வந்த ஆட்களை எனக்குத் தெரியும். அண்ணை எனக்குச் சொன்னதும் கவலையில் இல்லை, விளக்கம் கேட்கத்தான்.

"டேய் தம்பி, நீ உந்தச் சுரப்பியிலைதானே வேலை செய்யிறாய்? இந்த ஊசி உள்ளுக்கை போய் என்ன செய்யும்?"

ஊரில் என்னை டொக்டர் என்று நம்புகிறவர்களில் அண்ணையும் ஒருவர். எனக்கு உசார் வந்துவிட்டது. எலியைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அரை மணித்தியாலம் விளக்கினேன். அண்ணை இடையில் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப திருப்பி ஹோர்மோன் வந்தால்?"

"ரெண்டு கிழமையிலை எல்லாம் பழையபடி வந்திடும் அண்ணை. நானே எத்தனை தரம் பாத்திருக்கிறன்."

"ஓகோ" என்றார். நல்லாய் விளங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோசம். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

4

கேக் வெட்டிய அன்றுதான் அண்ணி அழைத்தார். கேக் தட்டு ஒரு கையில், தொலைபேசி மறு கையில், சாயம் போடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, அவர் ஊசி போடேல்லை."

"எந்த ஊசி அண்ணி?"

"கார்த்திகை ஊசியும் போடேல்லை, மாசி ஊசியும் போடேல்லை. கிளினிக் நாளிலை வெளிக்கிட்டுப் போறவர். சாவகச்சேரிச் சந்தையிலை ஆரோடையும் கதைச்சுப்போட்டு, மரக்கறியும் வாங்கிக்கொண்டு வாறவர் போலை. நான் இண்டைக்குத்தான் கிளினிக் கொப்பியைப் பாத்தன். ரெண்டு திகதிக்கும் ஒண்டும் எழுதிக் கிடக்கேல்லை. குளிசையும் அலுமாரிக்குப் பின்னாலை அப்பிடியே கிடக்கு. இப்ப இடுப்பு நோகுது எண்டு எண்ணெய் பூசுறார். வாதமாம்."

இடுப்பு என்றதும் கேக் தட்டைச் சாயப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்னேரம் அண்ணையை அழைத்தேன். நானும் அவரும் ஐம்பத்தாறு வருடத்துச் சகோதரர்கள். கதைப்பதற்கு எங்களுக்கு மூன்று விசயம் இருக்கிறது: மழை, தேங்காய், யார் செத்தது. அந்த மூன்றையும் சுற்றி வந்து, கடைசியில் ஊசி என்று வாயெடுத்தேன்.

"உவள் சும்மா கத்துறாள். எனக்கு ஒண்டுமில்லை. திருவிழா முடியட்டும், பாப்பம்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் லீவுப் படிவம் நிரப்பினேன். இந்த நாட்டில் நெருங்கிய உறவினருக்குச் சுகமில்லை என்றால் லீவு தருவார்கள். யார் என்று தெரிவு செய்யும் பெட்டியில் துணைவர், பிள்ளை, பெற்றோர் என்று இருந்தது. சகோதரர் இல்லை. நிர்வாகப் பிரிவில் வேலை செய்கிற இளம் பிள்ளையிடம் போய்க் கேட்டேன். நல்ல பிள்ளை, மெய்யாகவே கவலைப்பட்டது. "அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதல்லவா?" என்று கேட்டது. நான்தான் அந்தக் குடும்பம் என்பதை நோர்வீஜிய மொழியில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சொன்னது என்னவோ, "அவர் பஸ் ஓட்டியவர்" என்று. பாவம், அதற்கு ஒன்றும் விளங்கவில்லை.

5

என் மகள் ஆரணிக்கு இருபது வயது. தாதிப் படிப்புக்காக வேறு நகரத்தில் இருக்கிறாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருக்கால் வருவாள். வந்தால் சாப்பிடுவாள், உடுப்புத் தோய்ப்பாள், போய்விடுவாள். தமிழில் கேட்டால் பாதி வழியில் நோர்வீஜியத்துக்குத் தாவிவிடுவாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் பரீட்சை இருக்கும். அவள் எங்களிடமிருந்து கழன்றுகொண்டிருக்கிறாள் என்று நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமூச்சு விடுவதுண்டு.

அந்த ஞாயிறு அவளிடம் பெரியப்பாவின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஏன் போடேல்லை எண்டு கேட்டனீங்களா?" என்றாள்.

"கேட்டனான். சொல்லமாட்டாராம்."

"நீங்கள் மழையைப் பற்றிக் கேட்டிருப்பீங்கள்" என்று சொல்லிவிட்டு, தன் கைபேசியை எடுத்து வீடியோவில் அழைத்தாள். நான் மேசைக்கு மறுபக்கம், படத்தில் தெரியாத இடத்தில், தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணை அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார். அவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"பெரியப்பா, அந்த மருந்துக்குச் சில ஆம்பிளையளுக்கு நெஞ்சு பெருக்கும். நாங்கள் படிச்சனாங்கள். உங்களுக்கும் வந்ததா? அதுக்கா நிப்பாட்டினீங்கள்?"

பெரியப்பனிடம் ஒரு பெண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது? எங்கள் மொழியில் எதைக் கேட்கக்கூடாது என்பதை நான் அவளுக்குப் பழக்கியிருக்கவில்லை. கைபேசியைப் பறிக்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அண்ணை சேர்ட்டின் கழுத்தை இழுத்துவிட்டார். பிறகு, "ஓம் பிள்ளை" என்றார்.

"நோகுதா?"

"நோவைப் பற்றி ஆருக்குக் கவலை. ஆவணி ஊசியோடை ரெண்டு பக்கமும் வீங்கி, பொம்பிளையளுக்கு மாதிரி வந்திட்டுது. சேர்ட் போட்டால் தெரியாது. ஏழாம் திருவிழா எங்கடை திருவிழா பிள்ளை. சாமி காவிற முன் கொம்பிலை உன்ரை அப்பப்பா நிண்டவர், அவருக்குப் பிறகு நான். மேலைக் கழட்டிப்போட்டு ஊருக்கு முன்னாலை நிக்கவேணும். என்னண்டு நிக்கிறது?"

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வரி சேர்க்கிறேன். ஏழாம் நாள் எங்கள் குடும்பத்து உபயம், கொம்பு என்பது சாமியைத் தோளில் சுமக்கிற நீளத் தடி. எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. சால்வையால் மூடிக்கொள்ளவும் முடியாது. சாமிக்கு முன்னால் அதை இடுப்பில்தான் கட்டவேண்டும், தோளில் போடுவது மரியாதைக் குறைவு. ஊரில் ஒரு ஆணின் நெஞ்சு தன் இஷ்டத்துக்கு மறைத்துவைக்கிற சாமான் இல்லை.

"இப்ப பரவாயில்லையா?" என்று ஆரணி கேட்டாள்.

"கொஞ்சம் வத்தியிருக்கு. முழுக்கப் போகேல்லை. உன்ரை அப்பாதானே சொன்னவர், விட்டால் ரெண்டு கிழமையிலை எல்லாம் பழையபடி வந்திடுமெண்டு. டொக்டர் சொன்னால் சரியாய்த்தானே இருக்கும்? திருவிழாவைக் கொண்டாடிப்போட்டுப் பேந்து போடுவமெண்டு விட்டிட்டன்."

தோடம்பழம் என் கையில் அப்படியே இருந்தது. ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒரு நோயாளியின் உறவினரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

6

"அண்ணை, நான் டொக்டர் இல்லை" என்று தொடங்கினேன். "எலியின்ரை சதையை வெட்டிச் சாயம் போடுறவன். பட்டம் அம்மா தந்தது. நானும் பேசாமல் வைச்சிருந்திட்டன்."

"எனக்கு உது தெரியாது. பிறகு?"

"நான் சொன்னது நோயில்லாத எலியைப் பற்றி. அந்த எலிக்குப் புற்றுநோய் இல்லை. திருப்பி ஹோர்மோன் வந்தால் அதுக்கு நல்ல சுரப்பிதான் வளரும். உங்களுக்கு நோயுமெல்லே சேர்ந்து வளரும். ஊசி சுரப்பியைச் சூம்பப் பண்ணுறதுக்கில்லை, நோயைப் பட்டினி போடுறதுக்கு. நீங்கள் நாலு மாதமாய் அதுக்குச் சாப்பாடு குடுத்திருக்கிறியள். இடுப்பு நோவு வாதமில்லை."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஐப்பசியில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். அன்று எனக்கு மூன்றாவது தொகுதித் தட்டுகளின் அழகுதான் பெரிதாகப் பட்டது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணை என்னை ஏசவில்லை. பஸ் பழுதாகி நடுவழியில் நின்றால் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசித்தார்.

"திருவிழாவுக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கு."

"பொறுக்கேலாது அண்ணை."

"நான் நிக்காட்டில் அந்தக் கொம்பு வேறை ஆக்களுக்குப் போயிடும். ஒருக்காப் போனால் போனதுதான்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீ வந்து நில். அப்ப நான் ஊசி போடுறன்."

எனக்கு ஐம்பத்தாறு வயது. கதிரையில் இருந்து இருந்து வயிறு வைத்திருக்கிறது. தோளில் கடைசியாகப் பாரம் ஏற்றியது நோர்வேக்கு வந்த புதிதில் மீன் ஆலையில் வேலை செய்த காலத்தில். "வாறன்" என்றேன். என் வருடாந்த விடுமுறையை எடுத்துக்கொண்டேன். அதற்குப் படிவத்தில் காரணம் கேட்கவில்லை.

7

நான் வரும்வரை அண்ணை ஊசி போடாமல் காத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஆறாம் திருவிழா அன்று காலை, இருவரும் கிளினிக்குக்குப் போனோம். உட்காருகிற வாங்கு நிறைய எங்கள் வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள். ஒருவரும் ஒருவரோடும் நோயைப் பற்றிக் கதைக்கவில்லை. மழை, தேங்காய், யார் செத்தது.

டொக்டர் இளம் ஆள். கொப்பியில் விடுபட்ட இரண்டு திகதிகளையும் பார்த்தார். புதிய இரத்தப் பரிசோதனையின் எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினார். புதியது பல மடங்கு ஏறியிருந்தது. ஊசி திரும்பவும் வேலை செய்யலாம், ஆனால் முன்னையைப் போல் கேட்கும் என்று சொல்ல முடியாது, பட்டினியில் பிழைக்கப் பழகிய கலங்கள் இருக்கும் என்றார். இடுப்பு எலும்பு பலவீனம், இனிப் பாரம் தூக்கவே கூடாது என்றும் சொன்னார். ஊசியைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரும்வரை அண்ணை பஸ் சாரதி பிரேக் அடிக்கிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் ஏழாம் திருவிழா. நான் வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக முன் கொம்பில் நின்றேன். அண்ணை சேர்ட்டோடு வெளியே, கோபுர வாசலுக்கு எதிரே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஊரவர்கள் விசாரித்தபோது, இடுப்பு நோவு என்றார்.

பூசை முடிந்து சாமியைத் தூக்கினோம். என் தோள் எரிந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் குணம் என்கிற மனிதர், எழுபதை எட்டியவர், சந்தையில் வெற்றிலை வியாபாரம். உள்வீதி சுற்றும்போது என் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்:

"தம்பி, காலை எங்களோடை எடுத்து வையும். அண்ணைக்கு நேற்று ஊசி போட்டதே? உங்கள் ரெண்டு பேரையும் கிளினிக்கிலை கண்டனான். எனக்கும் உதே ஊசிதான். ரெண்டாம் வருசம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மேல் வெறுமையாக, வியர்த்து, திருநீறு கரைய நின்றார்.

"நெஞ்சிலை கொஞ்சம் வீக்கம் வரும். கொம்பு பட்டால் நோகும். வேறையொண்டுமில்லை" என்றார்.

வெளிவீதிக்கு வந்ததும் மேளக்காரருக்காகச் சாமியை இறக்கி நிறுத்தினார்கள். தவில் தொடங்கியது. தோளைத் தடவிக்கொண்டு கொம்புகளில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர். அரைவாசிப்பேர் அறுபது தாண்டியவர்கள். வயிறு சரிந்தவர்கள், நெஞ்சு தொங்கியவர்கள், சதை வைத்தவர்கள், வற்றியவர்கள். மருந்து எடுத்தது, எடுக்காதது என்று தட்டுகளைப் பிரித்தே இருபது வருடம் சம்பளம் வாங்கியவன் நான். அந்த வரிசையில் குணத்தாரை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

சனத்தை விலக்கிக்கொண்டு அண்ணையிடம் போனேன். சொன்னேன்.

"உவன் குணமோ?" என்றார். "போன வருசம் எனக்குப் பின்னாலை காவினவனெல்லே? திருவிழா முழுக்க ஒண்டாய் நிண்டனாங்கள்."

"அப்பவும் அவர் ஊசிதான் அண்ணை."

"நான் காணேல்லை."

"ஒருத்தரும் காணேல்லை."

அண்ணை குணத்தாரைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். அவருடைய வாய் ஒருக்கால் கோணி, நேராயிற்று.

"அப்ப அந்த ரெண்டு ஊசியையும் நான் சும்மாதான் விட்டனான், என்ன?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல எனக்குத் தெரியும். இல்லை அண்ணை, இன்னும் பிந்தவில்லை, ஊசி பிடிக்கும் என்று சொல்லலாம். அவர் நம்புவார். நான் சொல்வதையெல்லாம் நம்பியவர்.

"ஓம் அண்ணை" என்றேன். "என்ரை கதையைக் கேட்டு."

அவர் தலையை ஆட்டினார். சேர்ட்டின் தெறிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். சேர்ட்டை இரண்டாக மடித்து என் கையில் தந்தார். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி, சாமி திரும்பி வருவதற்கு முன்னால் கோயிலுக்குள் போனார்.